புலி மேசைக்கு அடியில் இல்லை

ராஃபிள்ஸ் ஹோட்டல் புலிக் கதையைச் சிங்கப்பூரில் வளர்ந்தவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலி பதுங்கியிருந்தது. ஒரு வெள்ளைக்கார வேட்டைக்காரர் வந்து சுட்டார். அதுதான் இந்தத் தீவின் கடைசிப் புலி. மூன்றே வாக்கியம், மூன்றிலும் கோணல். புலி வந்தது உண்மை. 1902 ஆகஸ்டில், பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்தது. பில்லியர்ட்ஸ் அறை இருந்த கட்டடத்தைத் தரையிலிருந்து தூக்கி, தூண்களின் மேல் கட்டியிருந்தார்கள். புலி ஒளிந்தது அந்தக் கட்டடத்துக்கு அடியில், மேசைக்கு அடியில் அல்ல. சுட்டவர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர் பிலிப்ஸ். கடைசிப் புலி என்பதும் சரியில்லை. 1930 வாக்கில்கூடச் சுவா சூ காங் பக்கம் காட்டுப் புலி சுடப்பட்டிருக்கிறது.

இதை அப்படியே எழுதி, பழைய பத்திரிகைச் செய்தியின் தேதியோடு முகநூலில் போட்டேன். மேசைக் கதையைவிட இதுதான் நன்றாக ஓடியது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் விடிகாலையில் துப்பாக்கியோடு வந்து கட்டடத்துக்கு அடியில் குனிந்து பார்க்கிறார் என்றால் யார்தான் படிக்காமல் நகர்வார்கள்? உண்மையைச் சொன்னால் கதையின் சுவை போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவை போகாது. எது கதை, எது பதிவான செய்தி, எது கண்ணால் பார்க்கக்கூடியது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும்.

நான் எழுதுவது கலவையாகத்தான் இருக்கும். புராணம், நாட்டுப்புறக் கதை, சிங்கப்பூர் வரலாறு, விலங்கு பறவைத் துணுக்கு. பகலில் ஒரு சரக்கு அலுவலகத்தில் ரசீதுகளோடு மல்லுக்கட்டுகிறேன். இதையெல்லாம் போகும் வழியில் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி எழுதுவது. காசு வராது. ஆனால் தமிழில் இப்படி எழுத ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி உள்பெட்டியில் வந்து “அக்கா, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் கதைகள். சிங்கப்பூரில் தமிழர்கள் எழுத வந்தால் உடனே மகாபாரதம், இராமாயணம் என்று போய்விடுகிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வீவக அடுக்குமாடி வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரியும் இடங்களின் கதையைத் தமிழில் சொல்ல ஆள் குறைவு. பூலாவ் ஊபின் தீவுக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு யானை, பன்றி, தவளைப் பந்தயம் தெரியும்? மூன்றும் ஜொகூர்க் கரைக்கு யார் முதலில் நீந்திப் போவது என்று போட்டி போட்டன. தோற்றால் கல்லாகிவிட வேண்டும் என்பது பந்தயம். மூன்றுமே கரை சேரவில்லை. யானையும் பன்றியும் சேர்ந்து ஊபின் ஆயின, தவளை பக்கத்திலேயே செக்குடு என்ற குட்டித் தீவாக நின்றுவிட்டது. கூசு தீவில் வேறு கதை. கப்பல் உடைந்து தத்தளித்த ஒரு மலாய்க்காரரையும் ஒரு சீனரையும் காப்பாற்ற ஓர் ஆமை தன்னையே தீவாக்கிக்கொண்டது. இன்றும் அங்கே சீனர்களின் துவா பெக் கோங் கோயிலும் கெராமாட் எனப்படும் மலாய்ப் புனிதக் கல்லறைத் தலங்களும் ஒரே தீவில் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது பாடாங் கதை. மலாய் வரலாற்றுக் கதை நூலான செஜாரா மெலாயுவில் வருகிறது. பாடாங் ஏழை. அவன் போட்ட மீன் பொறியை ஒரு பூதம் தினமும் காலி செய்துவிட்டுப் போகிறது. ஒருநாள் ஒளிந்திருந்து பிடித்துவிடுகிறான். உயிர்ப் பிச்சை கேட்ட பூதம், “நான் கக்குவதைத் தின்றால் உனக்கு மகா பலம் வரும்” என்கிறது. தின்றுவிடுகிறான்! இந்த இடத்தில் பிள்ளைகள் “ஈஈஈ” என்று கத்துவார்கள், அதற்காகவே சொல்லலாம். அப்புறம் கலிங்கத்திலிருந்து ஒரு மல்லன் போட்டிக்கு வருகிறான். பெரிய பாறையை அவனால் முழங்கால் வரைக்கும்தான் தூக்க முடிகிறது. பாடாங் அதைத் தலைக்கு மேல் தூக்கி ஆற்று முகத்துவாரத்துக்கே வீசிவிடுகிறான். நம்ம பக்கத்து மல்லன் தோற்கிற கதை என்பதால் நம்மவர்கள் சொல்லாமல் விட்டார்களோ என்னவோ.

இங்கேதான் கவனம் வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துகள் செதுக்கிய ஒரு பெரிய பாறை உண்மையிலேயே இருந்தது. 1843இல் ஆங்கிலேயர்கள் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அந்த எழுத்தை முழுதாகப் படித்தவர் இன்றுவரை யாரும் இல்லை. பாறை இருந்ததற்கு ஆதாரம் உண்டு; பாடாங் வீசினான் என்பது கதை; இரண்டையும் ஒரே பதிவில் சொல்லலாம், ஆனால் நடுவில் ஒரு வரி இடைவெளி விட்டு, “இதுவரை கதை, இனிமேல் பதிவு” என்று எழுதிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். இதைப் படித்தவர்கள் யாரும் கதையை ரசிக்காமல் விட்டதாகத் தெரியவில்லை. துண்டுக் கல்லோடு செல்ஃபி எடுத்து அனுப்பியவர்கள் உண்டு.

மெர்லயனைப் பற்றி எழுதினால் தலைகீழ் வேலை. சிங்கத்தலை மீனுடல் உருவத்தைப் பழங்காலப் புராணம் என்று நினைப்பவர்கள் நிறைய. அதை 1964இல் சுற்றுலா வாரியத்தின் சின்னமாக வடிவமைத்தவர் ஃபிரேசர் புருன்னர். அவர் மீன்களை ஆராய்ந்த அறிஞர். இங்கிருந்த வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் பொறுப்பாளர். மீன் ஆராய்ச்சிக்காரர் கையில் கொடுத்தால் சிங்கத்துக்கு மீன் வால் முளைக்காமல் வேறென்ன முளைக்கும்! ஆற்றங்கரைச் சிலை 1972இல் வந்தது. இதை எழுதிய பிறகு ஒருவர், “அப்போ சங் நீல உத்தமன் பார்த்த சிங்கம்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. செஜாரா மெலாயுவில் அவர் கரையில் ஒரு விலங்கைப் பார்க்கிறார், கூட இருந்தவர்கள் சிங்கம் என்கிறார்கள், சிங்கபுரம் என்று பெயர் வைக்கிறார். ஆனால் சிங்கம் இந்தப் பக்கத்துக் காட்டு விலங்கே அல்ல. புலி இருந்தது. ஜொகூர் நீரிணையை நீந்திக் கடக்கும் அளவுக்குப் புலிக்கு நீச்சல் தெரியும். மிளகு, காம்பியர் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்ட வெட்ட மனிதரும் புலியும் முட்டிக்கொண்டார்கள். புலியைக் கொன்றால் சன்மானம் கிடைத்தது. இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்த கைதிகளையும் புலி வேட்டைக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்தே எனக்கு நாலு பதிவு கிடைத்தது. வாசகரின் கேள்விகளைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான். தலைப்புக்குப் பஞ்சமே வராது.

சோழர் விவகாரத்துக்கு வருவோம். தமிழில் வரலாறு எழுதினால் இதைத் தாண்டிப் போகவே முடியாது. “சிங்கப்பூரை நிறுவியவர் இராஜேந்திர சோழன்” என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னணியில் தவில், பறக்கும் புலிக்கொடி, திரைப்படக் கப்பல். இராஜேந்திரனின் கடற்படை 1025 வாக்கில் இந்தப் பக்கம் வந்ததில் சந்தேகமே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரும் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், மாநக்கவாரம், கடாரம் என்று ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் சிங்கப்பூர் இல்லை, அதன் பழைய பெயரான துமாசிக்கும் இல்லை. செஜாரா மெலாயுவோ வேறொரு வழியில் போகிறது. கலிங்க நாட்டிலிருந்து வந்த ஓர் அரசன் கண்ணாடிப் பெட்டியில் கடலுக்கு அடியில் இறங்கி, அங்குள்ள இளவரசியை மணக்கிறான். அந்த வம்சத்தில்தான் சங் நீல உத்தமன் வருகிறார். ஒன்று வெற்றிப் பட்டியல், மற்றொன்று வம்சக் கதை. இரண்டையும் கலந்து ஒரு சாம்பார் வைத்தால் அது வரலாறாகிவிடாது.

இதை எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். “தமிழன் பெருமையைக் குறைக்கவே சிலர் இருக்கிறார்கள்” என்று முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடும். நான் வாதாடுவதில்லை. கல்வெட்டின் வரிகளை அப்படியே ஒட்டிவிட்டு, அடுத்த பதிவாகச் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் போட்டேன். சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினால் எதிரே நிற்கும் வெள்ளைக் கட்டடம்தான். 1862இல் அருட்பொழிவு செய்யப்பட்டது. அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். உள்சுவர் பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீரில் குழைத்து, காய்ந்த பிறகு பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். கைதிகள் எல்லாருமே தமிழர் அல்லர், வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவர்கள் உண்டு, அதையும் எழுதினேன். அந்தப் பதிவுக்குக் கீழே கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் தம்பிகள் வரிசையாக வந்து கலவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். காரைக்குடிப் பக்கத்து ஒருவர் தன் ஊர்ச் செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் படம் பிடித்துப் போட்டு, “எங்க தாத்தா வீட்டுலயும் இதே முட்டைப் பூச்சுதான் அக்கா” என்றார். கப்பலில் பறக்கும் புலிக்கொடிக்கு இப்படி ஒரு உரையாடல் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஆதாரம் தேடுவது பெரிய வித்தை இல்லை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய பத்திரிகைகளை வீட்டிலிருந்தே தேடலாம். தமிழ் முரசும் உண்டு. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய பத்திரிகை என்பதால் போருக்கு முந்தைய தமிழர் வாழ்க்கை அதில் அப்படியே கிடக்கிறது. பெரிய தலைப்புச் செய்தியைவிட விளம்பரமும் சின்னச் சின்ன அறிவிப்புகளும்தான் எனக்குத் தீனி. தேடும்போது பெயரின் பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். கிடைத்த பக்கத்தின் தேதியையும் பக்க எண்ணையும் பதிவின் முதல் பின்னூட்டமாக நீங்களே போட்டுவிடுங்கள். “ஆதாரம் எங்கே?” என்று கேட்பவருக்கு அதற்குப் பிறகு வேலை இருக்காது. பத்திரிகையே தப்பாக எழுதியிருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் யார், எப்போது, எங்கே எழுதியது என்று தெரிந்த தப்பு, ஊர் பெயர் தெரியாத சரியைவிடப் பயன்படும்.

விலங்குத் துணுக்குகளில் எனக்குத் தலைவலி தருவது கழுகுதான். தமிழ்க் குடும்பக் குழுக்களில் இருப்பவர் எவரும் தப்பியிருக்க முடியாது: கழுகு எழுபது வருடம் வாழும், நாற்பதாவது வயதில் மலையுச்சிக்குப் போய் அலகைப் பாறையில் அடித்து உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கி எறிந்து, ஐந்து மாதம் காத்திருந்து புதுப் பிறவி எடுக்கும். கடைசியில் “மாற்றத்துக்குத் தயாரா?” என்று ஒரு கேள்வி. அப்படி எந்தக் கழுகும் கிடையாது. அலகை உடைத்துக்கொண்ட பறவை பட்டினி கிடந்து சாகும். அலகும் நகமும் நம் நகத்தைப்போல வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டும் இருக்கும். இறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முளைக்கும். மொத்தமாகப் பிடுங்கினால் பறப்பதெப்படி? காட்டில் ஒரு கழுகு இருபது முப்பது வருடம் வாழ்ந்தாலே பெரிய விஷயம்.

சரி, இதை எங்கள் குடும்பக் குழுவில் அனுப்பியது யார் தெரியுமா? பெரியப்பா. அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அந்தக் கதை அவருக்குத் தேவைப்பட்டிருக்கலாம். எல்லாருக்கும் முன்னால் “இது பொய்” என்று போட்டால் என் அம்மாவே என்னைச் சும்மா விடமாட்டார். நான் பொங்கோல் கரையோரத்தில் எடுத்த வெண்வயிற்றுக் கடற்கழுகின் படத்தை அனுப்பினேன். காலில் மீன். கீழே இரண்டு வரி: “பெரியப்பா, இது நம்ம சிங்கப்பூர்க் கழுகு. ஜோடி சேர்ந்தால் ஒரே கூட்டுக்கு வருடா வருடம் திரும்பி வந்து குச்சி வைத்துப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.” மறுநாள் அவரே என் படத்தை வேறு இரண்டு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார், அடியில் என் பெயரும் போட்டு. அலகு உடைக்கும் கழுகைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தப்பான செய்தியை அனுப்பியவரைத் திருத்துவதைவிட, அதே பசிக்கு நல்ல தீனியைக் கையில் கொடுத்துவிடுவது என் வழி. பொது வெளியில் என்றால் வேறு. அங்கே அந்தச் செய்தி ஏன் நடக்காது என்று நேராகவே எழுதுவேன், அனுப்பியவர் பெயரைச் சொல்லாமல்.

கருடன் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே கருடன் வட்டமிட்டது என்று படம் வந்தால் அதைச் சுற்றி நம்பிக்கையும் கிண்டலும் மோதும். கருடன் என்று நாம் சொல்லும் அந்தச் செம்பருந்து, வெள்ளைத் தலையும் செங்காவி உடம்புமாய், சிங்கப்பூர்க் கரையோரங்களில் சாதாரணமாகத் தென்படும். வெயில் ஏறும்போது எழும் சூடான காற்றில் இறகை அசைக்காமல் வட்டமடிப்பது அதன் வழக்கம். நான் எழுதியது அவ்வளவுதான். கூடவே, பெருமாளின் வாகனம் என்று நம் முன்னோர் ஏன் இந்தப் பறவையைத் தேர்ந்திருப்பார்கள் என்பதை அந்த வெள்ளைத் தலையைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளலாம் என்று என் அபிப்பிராயம். “ஆகவே அது தெய்வச் செயல் அல்ல” என்றும் எழுதவில்லை, “தெய்வச் செயலேதான்” என்றும் எழுதவில்லை. அது என் வேலை இல்லை. மத நல்லிணக்கத்துக்கு இங்கே 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நான் யோசித்து எழுதுவது சட்டத்துக்காக அல்ல, தேக்கா சந்தையில் எதிரே வரும் ஆன்ட்டிக்காக. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எதையும் திரையில் எழுதுவதில்லை. மற்ற இனத்தாரின் கதையென்றால் இது இரட்டிப்பாகப் பொருந்தும். ரெட்ஹில் கதையை எழுதுமுன் அலுவலகத்து மலாய்த் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். கரைக்குப் பாய்ந்து வந்து ஆட்களைக் குத்திய மீன்களை வாழைத்தண்டு வேலி போட்டுத் தடுக்கலாம் என்று ஒரு சிறுவன் யோசனை சொல்கிறான்; அவன் அறிவைக் கண்டு பயந்து அரசனே அவனைக் கொல்லச் செய்கிறான்; ரத்தத்தால் குன்று சிவக்கிறது. தோழி கேட்டுவிட்டு, தன் பாட்டி சொன்னதில் அரசன் நல்லவன், மந்திரிகள்தான் தூண்டிவிட்டார்கள் என்றாள். இரண்டையும் போட்டேன். நாட்டுப்புறக் கதையில் எது சரியான வடிவம் என்று தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். யார் சொன்னது, எந்த ஊரில் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த மீன்களையே எடுத்துக்கொண்டு ஒரு விலங்குப் பதிவும் எழுத முடிந்தது. கதையில் வாள்மீன் என்று சொன்னாலும், நம் மீனவர்கள் முரல் என்று அழைக்கும் ஊசிமூக்கு மீன்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தைக் கண்டால் தண்ணீருக்கு மேலே அம்புபோலப் பாயும். படகில் இருந்தவர்களைக் குத்திக் காயப்படுத்தியதும், உயிர்போனதும்கூட உண்டு. கதைக்கு விதை அங்கே இருக்கலாம் என்று எழுதினேன். “இருக்கலாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எனக்கே பிடித்தது நீர்நாய்தான். பீஷான் பூங்காவில், காலாங் ஆற்றோரம், காலையில் போனால் குடும்பமாகக் கரையேறிப் புல்லில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொள்ளும். தாய் ஒரு மீனைத் தலைப்பக்கமிருந்து கடிக்கும். முள் நொறுங்கும் சத்தம் நடைபாதை வரைக்கும் கேட்கும். குட்டிகள் கீச்சுக் கீச்சென்று சண்டைக்கு வரும். அவை எழுந்துபோன இடத்தில் மீன் செதில் மின்னும் எச்சமும் ஒரு வீச்சமும் மிஞ்சும். அந்த வீச்சத்தை ஐங்குறுநூறு “புலவுநாறு நீர்நாய்” என்று சொல்லிவைத்திருக்கிறது! குறுந்தொகை 364ஆம் பாட்டில் ஔவையாரின் நீர்நாய்க்குப் புறத்தில் வரி உண்டு, வாளை மீன் அதன் அன்றைய இரை. மருத நிலத்துப் பொய்கையில் பார்த்ததை, ஆற்றைச் சுத்தம் செய்த பிறகு சிங்கப்பூரில் நாம் திரும்பப் பார்க்கிறோம். 1977இல் தொடங்கிப் பத்து வருடம் நடந்த ஆற்றுத் தூய்மைப் பணி, 1998இல் சுங்கை பூலோவில் வந்து தங்கிய நீர்நாய் ஜோடி, இப்போது நகரத்துக்குள்ளேயே குடும்பங்கள். சங்கப் பாட்டு, நகர வரலாறு, விலங்கு மூன்றும் ஒரே பதிவில் இயல்பாகச் சேர்ந்த இடம் எனக்கு இது ஒன்றுதான். தேடினால் இன்னும் இருக்கும்.

படங்களைப் பற்றிச் சில வார்த்தை. முடிந்தவரை நீங்களே எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்தவர் படமென்றால் கேட்டு வாங்கி, எடுத்தவர் பெயரைப் படத்துக்குக் கீழேயே போடுங்கள். 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைத்தவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. பாடாங்குக்கும் பூதத்துக்கும் என் அக்கா மகள் வரைந்து தருகிறாள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் வேண்டாம் என்பது என் கட்சி. கதைக்குப் போட்டால்கூட, யாரோ அதை வெட்டியெடுத்து “அரிய புகைப்படம்” என்று அனுப்பிவிடுவார்கள். என் தேவாலயப் பதிவை ஒரு பெரிய பக்கம் வரிக்கு வரி எடுத்துப் போட்டது, பெயர் இல்லாமல், போதாக்குறைக்குக் கைதிகள் எல்லாரையும் தமிழராக்கி. எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. அப்போதிருந்து படத்தின் நடுவிலேயே, வெட்ட முடியாத இடத்தில், சின்ன எழுத்தில் ஆதாரத்தையும் சேர்த்துவிடுகிறேன். திருடினாலும் ஆதாரம் கூடப் போகட்டும்.

இடம் சொல்வதில் கஞ்சத்தனம் நல்லது. இருவாட்சி 1994இல் ஊபினில் மறுபடி தென்பட்டு, இப்போது சிங்கப்பூரில் பல இடங்களில் பறக்கிறது. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு கீறல் வழியாக இரை ஊட்டும். இதை எழுதினால் அடுத்த நிமிடம் “எந்த மரம் அக்கா?” என்று வரும். சொல்லமாட்டேன். ஆந்தைக்கும் அழுங்குக்கும் அதே விதி.

இளையவர்களுக்காக ஒரு மாற்றம் செய்தேன். தமிழ் எழுத்தை வேகமாகப் படிக்கத் திணறும் பிள்ளைகள் இங்கே அதிகம், கேட்டால் நன்றாகப் புரியும். அதனால் ஒவ்வொரு கதையையும் ஒன்றரை நிமிடக் குரல்பதிவாகவும் போடுகிறேன். எழுதியதை வாசிக்கக் கூடாது. தம்பியிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். ஆண்டையும் பெயரையும் மட்டும் எழுத்தில் காட்டினால் போதும்.

இன்னமும் முடியாத பஞ்சாயத்து காகத்தோடு இருக்கிறது. குயில் பதிவில் ஆரம்பித்தது. பாடுவது ஆண் குயில், கன்னங்கரேலென்று சிவப்புக் கண்ணோடு இருக்கும். பெண்ணுக்குப் பழுப்பு உடம்பில் புள்ளிகள். முட்டை காகத்தின் கூட்டில். விடியுமுன் கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புளோக்கே புலம்பும். காகம் இல்லாவிட்டால் இத்தனை குயிலும் இங்கே வந்திருக்காது. அந்தக் காகமும் நம்மைப்போலக் கப்பலில் வந்ததுதான்: காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். இதைப் படித்துவிட்டு ஓர் அம்மா கேட்டார்: “அப்போ அமாவாசைக்குத் தாழ்வாரத்துல சோறு வைக்கலாமா கூடாதா?” வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்கு பறவைகளுக்கு உணவு வைக்கக் கூடாது, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம் என்று எழுதினேன். அடியில் இருநூறு பேர் சண்டை போட்டார்கள். இலையில் படைத்துவிட்டு நாமே சாப்பிட்டால் போதும் என்றார் ஒருவர். முன்னோர் என்ன அபராதமா கட்டுவார்கள் என்றார் இன்னொருவர். இப்போதும் ஒவ்வோர் அமாவாசைக்கும் யாராவது புதிதாக அந்தப் பதிவைத் தோண்டியெடுத்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நானும் அதே பதிலை ஒட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.